எல்லை ஜெபம்

ஹெலனுக்கு வாரத்தில் ஆறு நாள் குரல் கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் தரை துடைக்கும் கான்ட்ராக்ட் ஆள். நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு மாப்புக் கட்டையோடு ஆபீசுக்குள் போனால், உட்கார்ந்திருப்பவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்குவார்கள். துடைத்து முடித்ததும் இறக்கிக்கொள்வார்கள். அவள் மகன் வயதுள்ள சூப்பர்வைசர், "ஏம்மா, ஹவுஸ்கீப்பிங்" என்று கூப்பிடுவான். வருகைப் பதிவில் அவள் பெயர் சின்னப்பொண்ணு. ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பு வைத்த பெயர். அதைச் சொல்லிக் கூப்பிடக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை.

காலனியிலும் அவளைப் பெரிதாக யாரும் மதித்ததில்லை. ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு நடவுக்குப் போனவள். நட்ட வயலெல்லாம் கம்பெனிச் சுவரான பிறகு சுவருக்குள்ளே துடைக்கப் போனாள். கட்டிக்கொண்ட வரதன் லாரியில் கிளீனராகப் போனவன், நெல்லூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். "வரதன் வந்துட்டுப் போனானா ஹெலன்?" என்று பெண்கள் கேட்பார்கள். பதில் அவர்களுக்கு வேண்டாம். கேட்டதும் அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. காலனிக் கடைசியில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு இருக்கிறது. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குமுன் சாட்சி நேரம். கர்த்தர் அந்த வாரம் தனக்கு என்ன செய்தார் என்று யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லலாம். மற்ற பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதைச் சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு இறங்கிவிடுவார்கள். ஹெலன் இறங்கமாட்டாள். அவளுக்குக் கனத்த குரல். மேலே போனால் தகரம் அதிரும், கீழே இறங்கினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அவள் எங்கே மூச்சு விடுவாள் என்று கீபோர்டுக்காரருக்குத் தெரியும், அந்த இடத்தில் ஒரு கட்டையை அழுத்திக் கொடுப்பார். அவள் வாய் திறந்தால் கூடம் முழுக்க வாய் மூடிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து பட்டினி கிடந்தவளுக்கு இலை போட்டதுபோல் இருந்தது அது.

எல்லையில் சண்டை மூண்ட சமயம். எல்லார் போனிலும் புகையும் சத்தமும். பாஸ்டர் சாதுவான மனிதர். "நம்ம படைவீரர்களுக்காகவும் சமாதானத்துக்காகவும் ஜெபிப்போம்" என்று சொல்லி மைக்கை ஹெலனிடம் கொடுத்தார். ஹெலன் சமாதானம் வரைக்கும் போகவில்லை.

"எங்க வீரர்களோட கைகளைப் பலப்படுத்தும் ஆண்டவரே! ஒருத்தன் விழுந்தா பத்து பேர் எழும்பணும்! பின்வாங்குற கால் ஒண்ணுகூட இருக்கக் கூடாது! எதிரியை மண்ணோடு மண்ணா ஆக்கும்!"

கூடம் கொதித்தது. ஆமென் என்ற சத்தம் சிப்காட் ரோடு வரை கேட்டதாகச் சொன்னார்கள். அதற்கு எல்லை ஜெபம் என்று பெயர் வைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நடத்தச் சொன்னார்கள். நடத்துகிறவள் ஹெலன்.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் ஆமென் சொல்லவில்லை. ஆசீர்வாதம். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து, ஹெலன் வேலை செய்யும் அதே கம்பெனியில் கேட் செக்யூரிட்டியாக இருக்கிறவர். வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பையைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. சாப்பாட்டு டப்பாவைக்கூட முகர்ந்து பார்ப்பார் என்று பெண்களுக்கு அவர்மேல் கடுப்பு.

ஆராதனை முடிந்து வாசலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஹெலனை நிறுத்தினார்.

"ஏம்மா ஹெலன், பத்து பேர் எழும்பணும்னியே. அந்தப் பத்து பேரு யாரு?"

"இன்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க? நம்ம நாட்டுப் புள்ளைங்கதான்."

"அதான். யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

டீ கோப்பையோடு பெண்கள் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

"நான் ஜெபந்தானேண்ணே பண்றேன்."

"ஜெபம் பண்ணு. பத்திரமா ஊடு திரும்பணும்னு பண்ணு, நானே மொதல்ல ஆமென் சொல்றேன். பனியில எங்கூட இருந்தவன ஒருத்தன தோள்ல போட்டுக்கினு எறங்கினவன் நானு. பாதி வழியிலயே வெறச்சிட்டான். அவங்கம்மாவும் ஊர்ல ஜெபம் பண்ணிக்கினுதான் இருந்தா. நீ பண்றது ஜெபமில்ல. மைக்கப் புட்ச்சிக்கினு அடுத்தவ பெத்தத முன்னால தள்ற. தள்றவ தன்னுதத்தான் மொதல்ல தள்ளணும். உனக்குந்தான் ஒருத்தன் கீறானே, பனமரமாட்டம்."

ஹெலனோடு வேலை செய்யும் மெர்சி குறுக்கே வந்தாள். "அது இன்னா நாயம்ணே? டாக்டருங்களுக்காக ஜெபிச்சா நாம கத்தி எடுத்து ஆபரேசன் பண்ணணுமா?"

"டாக்டரப் பாத்து போய்ச் சாவுடான்னு யாரும் மைக்குல கத்தறதில்ல மெர்சி."

பெண்கள் சிரித்தார்கள். மெர்சியும் சிரித்தாள். வரதனைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு. ஹெலன் மீதி டீயைக் கீழே கொட்டிவிட்டு நடந்தாள்.

அந்த வாரம் முழுக்கத் துடைக்கும்போதும் பிழியும்போதும் அவள் ஒன்றையே யோசித்தாள். ஆபிரகாம் தன் ஒரே மகனைப் பலியிடக் கூட்டிப்போன கதை அந்த ஜெபவீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். கத்தியை ஓங்குவதுதான் ஆபிரகாம் வேலை. பதிலுக்கு ஆட்டுக்கடாவைப் புதரில் மாட்டிவைப்பது ஆண்டவர் வேலை. ஓங்கியதற்கே ஆபிரகாமுக்கு அத்தனை புகழ் கிடைத்தது, பிள்ளையும் பத்திரமாக வீட்டுக்கு வந்தான். தன் பிள்ளையோ ஒடிசல். பட்டாளத்தில் அவனை எங்கே எடுக்கப்போகிறார்கள்? இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவள் அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தாள்.

"என் ஒரே மகன் ஜோஷ்வாவ இந்த தேசத்தோட படைக்குப் பொருத்தனையா நேர்ந்து ஒப்புக்கொடுக்கறேன்!"

கூடம் எழுந்து நின்றது. ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோஷ்வாவை நாலு கைகள் தூக்கி முன்னால் தள்ளின. இருபது வயது. ஐடிஐ முடித்துவிட்டு, காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தான். கப்பல் தண்ணீரில் இறங்கும்போது, "அதோட அடிவயித்துல நான் போட்ட தையல் கீதும்மா" என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறவன். நாலு பேருக்கு முன்னால் நின்று பேசத் தெரியாது. பாஸ்டர், "தம்பிகிட்ட கேட்டீங்களா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கையில் மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை. தலையில் எண்ணெய் வார்த்தார்கள். நெற்றி வழியாக இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. ஆளாளுக்கு அவன் தலையில் கை வைத்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஆசீர்வாதமும் எழுந்து வந்து கை வைத்தார். எல்லாரையும்விட அவர் கைதான் அழுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜோஷ்வா கேட்டான். "என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

"ஆண்டவருக்குக் குடுத்தா கொறஞ்சா பூடுவ?"

"உனக்கு அவ்ளோ ஆசன்னா நீ போ."

"பொம்பளய எடுப்பாங்களாடா?"

"எடுக்கறாங்க. உனக்கு வயசு தாண்டிப்போச்சு. வசதியாப் போச்சு உனக்கு."

அந்த வாரமே எல்லையில் சண்டை நின்றது. ஆட்டுக்கடா வந்துவிட்டது என்று ஹெலன் மூச்சு விட்டாள். ஆனால் மறுநாள் விடியும்போது வாசலில் ஆசீர்வாதம் நின்றார், கழுத்தில் விசிலோடு.

"சண்ட நின்னா இன்னா, பட்டாளம் நிக்கல. அடுத்த ஆள் எடுப்புக்கு இவன நான் ரெடி பண்றேன். வாடா நைனா, ஓடலாம்."

ஜோஷ்வா பாயைவிட்டு எழாமலே கேட்டான். "உங்க புள்ள பென்னி எங்க கீறான் மாமா? கத்தார்ல ஏசி ரிப்பேருதானே பண்ணிக்கினு கீறான்?"

"எங்க ஊட்டுப் பங்க நான் குடுத்துட்டேன். உங்கம்மா இப்பத்தான் வாயால குடுத்துக்கீறா. எழுந்திரு."

அவன் எழுந்து போனான். ஆசீர்வாதத்துக்குப் பயந்து போகவில்லை. காலனியில் அம்மாவைப் பட்டாளத்தான் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் விட்டார்கள். அம்மா தலை நிமிர்ந்து நடந்து அவன் பார்த்ததே இல்லை. தான் கொஞ்ச நாள் ஓடினால் அவள் இப்படி நடப்பாளென்றால் ஓடித் தொலைக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

பழைய இரும்பு ஏற்றிய ஆந்திரா லாரிகளுக்கு நடுவே, இரும்பு உருக்கும் உலைகளின் புகைக்குள் அவன் ஓடினான். பின்னாலேயே மொபெட்டில் ஆசீர்வாதம். அவன் பட்டாளத்தில் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன, அவருக்கு அதில் அக்கறையில்லை. கேட்டில் ஹெலனின் பையைத் திறந்தபடியே அவளிடம் அதைச் சொல்லிவிட்டார்.

"ஒரே வார்த்த. என் புள்ளய அனுப்ப எனக்கு மனசு வரல, தெரியாம கத்திட்டேன்னு மைக்குல சொல்லு. நாளைக்கே நிறுத்திடறேன். எங்கிட்ட தனியா சொல்லாத. எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

"பொருத்தனைய மாத்தக் கூடாதுண்ணே."

"அப்ப அவன் ஓடட்டும். எடையில மட்டும் கொஞ்சம் இடிக்குது, பாத்துக்க. எட கொறஞ்சா மொத நாளே திருப்பி அனுப்பிடுவான்."

அந்தக் கடைசிப் பேச்சு ஹெலனுக்குள் விதைபோல் விழுந்தது.

பட்டாளத்துப் பிள்ளை தேறவேண்டும் என்று ஜெபவீட்டார் முறைபோட்டு முட்டை, பேரீச்சை, கேழ்வரகு மாவு எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹெலன் இரண்டு கையாலும் வாங்கி ஸ்தோத்திரம் சொன்னாள். முட்டையை அவித்து டப்பாவில் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோய் மெர்சிக்கும் மற்ற பெண்களுக்கும் கொடுத்தாள். பாலில் தண்ணீர் விட்டாள். கஞ்சியில் அவன் முகம் தெரிந்தது. ஜோஷ்வா தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான்.

"இன்னும் கொஞ்சம் கீதாம்மா?"

"ஓடறவன் வயிறு லேசா இருக்கணும்னு ஆசீர்வாதம் அண்ணன் சொல்லிக்கீறாரு."

கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வெல்டிங் கண்ணாடி முகத்தில் நிற்காமல் வழுக்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைக்கில் நின்று, "என் பிள்ளையோட சரீரத்தைப் பலப்படுத்தும் ஆண்டவரே" என்று கூடத்தையே அழவைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவளும் அழுதாள். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சியில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு நாள் காலை ரோட்டு வளைவில் ஜோஷ்வா வேரோடு சாய்ந்தமாதிரி விழுந்தான். பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கித் தெலுங்கில் திட்டினான். புருவம் பிளந்து தையல் போட்டார்கள். "இந்தப் பையன் என்ன சாப்பிடறான்? ஒடம்புல ரத்தமே இல்லையே" என்று டாக்டர் ஆசீர்வாதத்தைத்தான் கடிந்துகொண்டார். ஆசீர்வாதம் ஒன்றும் புரியாமல் நின்றார்.

அன்று சாயங்காலம் மெர்சி பார்க்க வந்தாள். ஹெலன் குழாயடிக்குப் போயிருந்தாள்.

"கண்ணு பட்டுடுச்சு உனக்கு" என்றாள் மெர்சி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "நல்லா இருப்படா நீ. உன் புண்ணியத்துல தெனம் முட்ட துன்றோம் நாங்க. உங்கம்மாவுக்குத்தான் இன்னா பெரிய மனசு! எம்புள்ளைக்கு முட்டன்னா ஆவாது, நீங்க துன்னுங்கன்னு டப்பாவோட குடுத்துடறாங்க."

மெர்சி போய், ஹெலன் குடத்தோடு உள்ளே வந்ததும் ஜோஷ்வா கேட்டான்.

"எனக்கு முட்டன்னா ஆவாதா?"

அவள் குடத்தை இறக்கவில்லை.

"எட கொறஞ்சா எடுக்க மாட்டாங்கன்னுதானே?" என்றான். "அப்ப நான் போறதுல உனக்கு இஷ்டமில்ல."

"எந்தப் பெத்தவளுக்குடா இஷ்டம் இருக்கும்?"

அவன் சிரித்தான். சிரித்ததில் தையல் இழுத்து முகம் கோணியது. "அம்மா, நான் உனக்காவ ஓடிக்கினு கீறேன். நீ எனக்காவ என்னியப் பட்டினி போட்டுக்கினு கீற. இதுக்கு நீ மைக்குல ஒரே வார்த்த சொன்னா முடிஞ்சிபோவும். எம்புள்ளய அனுப்ப மாட்டேன்னு சொல்லு. ஞாயித்துக்கிழம சொல்லு. எவன் சிரிச்சாலும் நான் உம்பக்கத்துல நிக்கறேன்."

"சொல்றேண்டா கண்ணு" என்றாள். அப்போது நிஜமாகவே சொல்ல நினைத்தாள்.

ஞாயிறு வந்தது. அவன் சொன்னபடியே பக்கத்தில் வந்து நின்றான், புருவத்தில் பஞ்சோடு. ஹெலன் மைக்கைப் பிடித்தாள். "என் பொருத்தனை..." என்று ஆரம்பித்தாள். கூடம் அடங்கியது. முதல் வரிசையில் பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர்கள் உதட்டு ஓரத்தில் சிரிப்பு வந்து காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. கடைசி வரிசையில் ஆசீர்வாதம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை. சொன்னால் நாளையிலிருந்து பழையபடி வரதன் பெண்டாட்டி. சொன்னால் வெள்ளிக்கிழமை இல்லை, ஜன்னலோரம் இல்லை, கீபோர்டு இல்லை.

"என் பொருத்தனையில நான் மாறல!" குரல் தானாக எழும்பியது. "நான் குடுத்தது குடுத்ததுதான்! ஆனா என் பிள்ளைக்குள்ள பயத்தின் ஆவி புகுந்துடுச்சு சபையே! சாப்பாட்டைத் தொட மாட்டேங்கறான், சண்டைன்னா நடுங்கறான், வேணும்னே ரோட்டுல விழறான்! இந்தக் கோழைத்தனத்துலேந்து அவனை விடுவிக்க ஜெபிங்க!"

கூடம் ஐயோ என்றது. நாற்காலிகள் நகர்ந்தன. முன்பு எண்ணெய் வார்த்த அதே கைகள் இப்போது அவன் தலையைப் பிடித்து அமுக்கின. பயமே வெளியே போ, கோழையே வெளியே போ என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். தையல் விட்டு ரத்தம் கசிந்தது. ஜோஷ்வா கைகளுக்கு நடுவிலிருந்து அம்மாவை மட்டும் பார்த்தான். பிறகு தலையை உருவிக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

"பாத்தீங்களா, ஆவி ஓடுது!" என்றாள் ஒருத்தி.

மறுநாள் கேட்டில் ஆசீர்வாதம் ஹெலனின் பையைத் திறக்கவில்லை. "போ" என்று கையைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் ஜெபவீட்டுக்கும் வரவில்லை.

காலனிப் பையன்கள் ஜோஷ்வாவைப் பட்டாளம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏய் பட்டாளம், பயம் தெளிஞ்சிதா?" என்று வேலைக்குப் போகும் வேனிலும் கேட்டார்கள். அவன் துணியை எடுத்துக்கொண்டு மீஞ்சூரில் ஒடிசாக்காரர்களோடு ஒரு ரூமில் போய்த் தங்கிவிட்டான். ஹெலன் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போய்க் கதவைத் தட்டினாள். அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஊட்டுக்கு வாடா நைனா. தனியா கீறேன்."

"சொன்னத மாத்திச் சொல்லிட்டு வா."

"நீ மொதல்ல வா, அப்பறம் சொல்றேன்."

"நான் கோழையில்லன்னு சொல்ல வேணாம். நீ எனக்குச் சோறு போடலன்னும் சொல்ல வேணாம். அனுப்ப மனசு வரலன்னு மட்டும் சொல்லு. எந்த ஊர்ல எந்த அம்மா சொன்னாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழம மெர்சி அக்காவ போன்ல லைன்ல இருக்கச் சொல்றேன். என் காதால கேட்டா அன்னிக்கே வந்துடறேன்."

"ஆண்டவர் மேல ஆணையா சொல்றேன்" என்றாள்.

ஆனால் அதற்குள் அவள் பேர் காலனியைத் தாண்டியிருந்தது. பயத்தின் ஆவியைக் கட்டி விரட்டுகிறவள் என்று பேர். பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைகளை, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளைக் கவரைப்பேட்டையிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த ஞாயிறு ஜெபவீட்டில் இடமில்லாமல் வெளியே பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மெர்சி முதல் வரிசையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, லைன் இருக்கிறது என்று ஹெலனுக்குத் தலையை ஆட்டினாள்.

ஹெலன் மைக்கை வாங்கினாள். போனைப் பார்த்தாள். பந்தல் வரைக்கும் நிரம்பியிருந்த தலைகளைப் பார்த்தாள். யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மகன் ஜோஷ்வா..." என்றாள்.

"ஆமென்" என்றது கூட்டம்.

"என் மகன் ஜோஷ்வாவை அந்தப் பயம் இன்னும் விடல ஆண்டவரே! பெத்தவளை விட்டே ஓட வச்சிடுச்சே அது!"

கீபோர்டு அந்த இடத்தில் ஒரு கட்டையை அழுத்திக் கொடுத்தது. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள்கூட அழ ஆரம்பித்தார்கள். மெர்சி குனிந்து போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். மறுமுனையில் ஜோஷ்வா போனை வைத்துவிட்டிருந்தான். நிமிர்ந்து ஹெலனுக்குச் சைகை காட்டினாள். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஜெபத்தில் அவள் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.